நீரை ஆளும் சமையல்: வியட்நாமின் கோடைக் கிண்ணத்தில் உள்ள அறிவியல்

வியட்நாமின் தலைநகரான ஹனோயில் ‘பூன் போ நாம் போ’ என்றும், அந்நாட்டின் தெற்கே ‘பூன் போ சாவ்’ என்றும் வழங்கும் உணவு, அரிசி நூடுல்ஸ், கடுந்தீயில் வதக்கிய மாட்டிறைச்சி, பச்சிலைகள், ஊறிய காய்கள், வறுத்த வேர்க்கடலை ஆகியவற்றை ஒரு கிண்ணத்தில் அடுக்கி, உவர்ப்பும் புளிப்பும் இனிப்பும் உறைப்பும் கலந்த நீர்த்த சாற்றை மேலே ஊற்றி உண்ணப்படுவதாகும். ‘பூன்’ என்பது அரிசி மாவைப் பிழிந்து ஆக்கிய மெல்லிய நூலையும், ‘போ’ என்பது மாட்டையும், ‘சாவ்’ என்பது வாணலியில் வதக்குவதையும், ‘நாம் போ’ என்பது நாட்டின் தென்பகுதியையும் குறிக்கும். ஆகவே ஹனோயில் வழங்கும் பெயருக்குத் ‘தெற்கத்தி மாட்டிறைச்சி நூடுல்ஸ்’ என்று பொருள். ‘ஃபோ’ என்னும் புகழ்பெற்ற உணவிலும் அரிசி நூடுல்ஸும் மாட்டிறைச்சியுமே இருக்கின்றன என்றாலும், அங்கே அவை எலும்பைப் பல மணி நேரம் கொதிக்க வைத்து இறக்கிய சூடான சாற்றில் மிதக்கின்றன. இங்கோ சாறு ஆறியிருக்கிறது, அடுப்பு எரிவது சில நிமிடங்களே, சமையலறையில் ஆவி நிறைவதும் இல்லை.

வியட்நாமிய மொழியில் ‘நூக்’ என்ற ஒரே சொல் நீரையும் நாட்டையும் குறிக்கிறது. மீன் சாஸுக்கு ‘நூக் மாம்’ என்றும், அதிலிருந்து கலக்கும் தொடுசாற்றுக்கு ‘நூக் சாம்’ என்றும் அமைந்த பெயர்களிலும் அச்சொல்லே முன்னிற்கிறது. இந்தக் கிண்ணத்தின் அறிவியலும் நீரைச் சுற்றியே அமைந்துள்ளது. நூடுல்ஸுக்குள் நீர் புக வேண்டும், இறைச்சியின் மேற்பரப்பிலிருந்து நீர் அகல வேண்டும், இலைகளுக்குள் நீர் தங்க வேண்டும், மீன் சாஸில் உள்ள நீர் நுண்ணுயிர்களுக்கு எட்டாதபடி உப்பால் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இந்த நான்கு தேவைகளையும் தனித்தனியே நிறைவேற்றி, உண்ணும் தருணத்தில் மட்டும் ஒன்று சேர்ப்பதே இச்சமையலின் அடிப்படை.

கிண்ணத்தில் சேர்ந்த வரலாறு

அரிசி நூலும் மீன் சாஸும் வியட்நாமின் பழைய உணவுப் பொருள்கள். மிளகாயும் வேர்க்கடலையும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கடல் வழியாக ஆசியாவுக்கு வந்தவை. உழவுக்கும் வண்டிக்கும் பயன்பட்டு வந்த மாட்டின் இறைச்சிக்கு, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்கி 1954 வரை நீடித்த பிரெஞ்சு ஆதிக்கத்தின்போது தேவை பெருகியது. லெட்யூஸ் கீரைக்கு வழங்கும் ‘சா லாக்’, கேரட்டுக்கு வழங்கும் ‘கா ரோத்’ ஆகிய வியட்நாமியச் சொற்கள் பிரெஞ்சு மொழியிலிருந்து பிறந்தவை. அதே ஆதிக்கத்தின் கீழ் இருந்த புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் வியட்நாமின் சைகோன் நகருக்குச் சென்று வாழ்ந்த தமிழர்களின் வழியாக வியட்நாமியச் சமையல் புதுச்சேரிக்கும் வந்து சேர்ந்தது என்பதால், இந்தச் சுவைகள் தமிழ் மண்ணுக்கு முற்றிலும் அயலானவை அல்ல.

நீர் புகும் இடம்: அரிசி நூல்

பூன் செய்வதற்கு அரிசியை நீரில் ஊறவைத்து, சற்றே புளிக்கவிட்டு, அரைத்து, மிகுதி நீரை வடித்து, மாவைப் பாதி வேகவைத்துப் பிசைந்து, துளைகளின் வழியே கொதிநீருக்குள் பிழிவது மரபு. தமிழ்நாட்டு இடியாப்பமும் துளை வழியே பிழியப்படும் அரிசி நூலே என்றாலும், அது ஆவியில் வேகிறது. பூன் கொதிநீரில் வெந்து, உடனே குளிர்ந்த நீரில் அலசப்படுகிறது. இரண்டின் தன்மையும் வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அரிசி மாவின் பெரும்பகுதி மாவுச்சத்து. அது இரண்டு வகை மூலக்கூறுகளால் ஆனது: நீண்டு பெரும்பாலும் கிளையின்றி அமைந்த அமைலோஸ், மரம்போல் கிளைத்துப் பரந்த அமைலோபெக்டின். மாவுச்சத்து மணிகள் குளிர்ந்த நீரில் கரைவதில்லை. வெப்பநிலை ஏறத்தாழ 60 முதல் 78 டிகிரி செல்சியஸ் வரை உயரும்போதுதான் அவை நீரை உள்வாங்கிப் பருத்து, தம் ஒழுங்கை இழந்து கூழாகின்றன. இதைக் கூழாதல் என்பர். வெந்த மாவு குளிரும்போது அமைலோஸ் இழைகள் மீண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வலைபோல் பின்னிக்கொள்கின்றன. நூல் அறுந்துபோகாமல் வளைந்து கொடுப்பது அந்த வலையினால்தான். எனவே அமைலோஸ் 25 விழுக்காட்டுக்கு மேல் உள்ள, வேகவைத்தால் உதிரியாக நிற்கும் நீண்ட அரிசி வகைகளே நூடுல்ஸுக்கு ஏற்றவையாக இருக்கின்றன. ஒட்டரிசியில் அமைலோஸ் மிகக் குறைவு என்பதால் அதன் மாவு நூலாக நிற்பதில்லை.

வீட்டில் உலர்ந்த அரிசி நூடுல்ஸைப் பயன்படுத்துவோர் நால்வருக்கு 250 கிராம் எடுத்து, கொதிநீரில் இட்டு, நடுவில் வெண்புள்ளி மறையும் வரை மட்டும் வேகவைத்து, வடித்த கணமே ஓடும் குளிர்நீரில் கைகளால் அளைந்து அலச வேண்டும். அலசுவதால் வேகுதல் நின்றுவிடுகிறது. நூலின் மேல் படிந்த பிசின் போன்ற மாவுச்சத்து கழுவப்பட்டு, இழைகள் ஒட்டாமல் பிரிகின்றன. அமைலோஸ் வலையும் விரைவில் இறுகுகிறது. பின்னர் நீர் முழுதும் வடிய 15 நிமிடம் சல்லடையில் விட வேண்டும், ஏனெனில் நூலில் தங்கும் நீர் பிறகு ஊற்றப்படும் சாற்றை நீர்த்துப்போகச் செய்யும்.

வெந்த நூடுல்ஸைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மறுநாள் எடுத்தால் அது விறைத்து, தொட்டால் முறிவதைக் காணலாம். அமைலோபெக்டின் கிளைகள் மெல்ல மெல்ல மீண்டும் அடுக்காகி, இடையில் இருந்த நீரை வெளித்தள்ளுவதே இதற்குக் காரணம். இந்த மீள்படிகமாதல் உறைநிலைக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 4 டிகிரியில் விரைந்து நடக்கிறது. ஆகவே இந்த உணவுக்கு நூடுல்ஸ் அறை வெப்பத்தில்தான் இருக்க வேண்டும்; முன்கூட்டியே ஆக்கிக் குளிரவைப்பதால் பயன் இல்லை.

நீர் அகலும் இடம்: இறைச்சி

மாட்டிறைச்சியின் தசையில் நான்கில் மூன்று பங்கு நீர். அந்த நீரைத் தசைக்குள் காத்துக்கொண்டே, மேற்பரப்பில் மட்டும் அதை விரட்டுவதுதான் வதக்குவதில் உள்ள நுட்பம். 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமீல் மயார் விவரித்ததால் அவர் பெயரால் வழங்கும் மயார் வினையில், புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் வெப்பத்தில் இணைந்து, வறுத்த இறைச்சிக்கும் சுட்ட ரொட்டிக்கும் உரிய பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் உண்டாக்குகின்றன. சமையலில் இவ்வினை விரைவு கொள்வது ஏறத்தாழ 140 டிகிரிக்கு மேல். நீர் இருக்கும் வரை மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டுவதில்லை.

ஒரு கிராம் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்கு உயர்த்த ஏறத்தாழ 290 ஜூல் ஆற்றல் போதும். அதே ஒரு கிராமை ஆவியாக மாற்ற 2,260 ஜூல், அதாவது ஏறக்குறைய எட்டு மடங்கு ஆற்றல் தேவை. ஈரமான இறைச்சியை ஒரே நேரத்தில் வாணலி நிறையப் போட்டால், அடுப்பு தரும் வெப்பம் முழுதும் அந்த நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகி, இறைச்சி வறுபடாமல் தன் சாற்றிலேயே வெந்து சாம்பல் நிறமாகிறது. எனவே நால்வருக்கான 400 கிராம் இறைச்சியை மூன்று ஈடாகப் பிரித்து, பின்னே கூறப்படும் ஊறல் சாற்றை வடித்து, புகையத் தொடங்கும் அளவு காய்ந்த வாணலியில் ஒவ்வொரு ஈட்டையும் ஒன்றிரண்டு நிமிடம் மட்டும் வதக்க வேண்டும்.

இறைச்சியை வெட்டும் முறையும் அதே அளவு முக்கியமானது. தசை என்பது இணையாக ஓடும் நீண்ட நார்களின் கட்டு. நாரின் போக்குக்குக் குறுக்கே 2 முதல் 3 மில்லிமீட்டர் கனத்தில் சீவினால் ஒவ்வொரு துண்டிலும் நார் குட்டையாகி, பல்லுக்கு எளிதாக அறுபடுகிறது. வெப்பம் ஒரு பொருளின் நடுவை அடைய ஆகும் நேரம் கனத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும், அதாவது கனம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும் என்பதால், மெல்லிய துண்டு சில நொடிகளில் உள்வரை வெந்துவிடுகிறது. தசைப் புரதங்கள் ஏறத்தாழ 50 டிகிரியிலிருந்து சுருளத் தொடங்க, 60 டிகிரியைத் தாண்டியதும் நார்களை உறைபோல் சூழ்ந்துள்ள கொலாஜன் என்னும் புரதம் சுருங்கி நீரைப் பிழிந்து வெளியேற்றுகிறது. நெடுநேரம் வதக்கினால் இறைச்சி தோல்போலாவது இதனால்தான். இறைச்சியை அரை மணி நேரம் உறைபெட்டியில் வைத்தால் சற்று இறுகி, மெல்லிதாகச் சீவ இடம் கொடுக்கும்.

சீவிய இறைச்சியில் கால் தேக்கரண்டி சமையல் சோடாவைப் பிசறி 15 நிமிடம் வைப்பது ஆசியச் சமையலறைகள் பலவற்றில் உள்ள வழக்கம். சோடா இறைச்சியின் அமிலத்தன்மையைக் குறைக்கிறது. அதனால் புரத இழைகள் ஒன்றையொன்று விலக்கி இடைவெளியில் நீரைப் பிடித்துக்கொள்கின்றன, மயார் வினையும் விரைவடைகிறது. அளவு மிகுந்தால் சோப்பின் சுவை தட்டும். பிறகு ஒரு மேசைக்கரண்டி மீன் சாஸ், ஒரு தேக்கரண்டி சர்க்கரை, பொடியாக நறுக்கிய நான்கு பல் பூண்டு, அவ்வாறே நறுக்கிய இரண்டு எலுமிச்சைப்புல் தண்டுகளின் வெளிர்ந்த அடிப்பகுதி ஆகியவற்றைச் சிறிது எண்ணெயுடன் சேர்க்க வேண்டும். எலுமிச்சைப்புல்லின் மணத்துக்குக் காரணமான சிட்ரல் நீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் எளிதாகக் கரையும். எண்ணெய் அந்த மணத்தை ஏந்தி இறைச்சியின் மேல் பரப்புகிறது.

நீரைக் கட்டும் உப்பு: மீன் சாஸ்

தாய்லாந்து வளைகுடாவில் உள்ள பூ குவோக் தீவும், தென்கிழக்குக் கரையில் உள்ள பான் தியெத் நகரும் வியட்நாமின் மீன் சாஸுக்குப் பெயர்பெற்ற இடங்கள். நெத்திலி இன மீன்களை ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் உப்புடன் கலந்து, பெரிய மரத்தொட்டிகளில் ஓராண்டு அளவுக்கு வைத்து, அடியில் இறங்கும் தேன்நிறச் சாற்றை வடித்தெடுக்கிறார்கள். பூ குவோக் மீன் சாஸ் 2012இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் இடம்சார் பெயர்ப் பாதுகாப்பைப் பெற்றது.

இவ்வளவு காலம் வெப்ப நாட்டில் வைத்தும் மீன் அழுகாமல் இருப்பதற்கு உப்பு காரணம். நுண்ணுயிர்கள் பயன்படுத்தக்கூடிய நிலையில் உள்ள நீரின் அளவை ‘நீர்ச் செயல்பாடு’ என்ற எண்ணால் அளப்பர். தூய நீருக்கு அது 1, உப்பு முற்றும் செறிந்த கரைசலுக்கு ஏறத்தாழ 0.75. உணவைக் கெடுக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றுக்கு 0.9க்கு மேல் தேவைப்படுவதால் அவை அங்கே பெருக முடிவதில்லை. ஆனால் மீனின் குடலிலும் தசையிலும் உள்ள நொதிகள் தம் வேலையைத் தொடர்ந்து, உப்பைத் தாங்கும் சில நுண்ணுயிர்களின் துணையுடன் புரதத்தை அமினோ அமிலங்களாகச் சிதைக்கின்றன. புட்டியின் மேல் காணப்படும் 30, 40 போன்ற எண்கள் ஒரு லிட்டரில் உள்ள மொத்த நைட்ரஜனைக் கிராமில் குறிப்பவை. எண் உயர உயரப் புரதச் சிதைவுப் பொருள்களும் சுவையும் செறிந்திருக்கும்.

அந்த அமினோ அமிலங்களில் தலையாயது குளுட்டமேட். டோக்கியோவில் வேதியியலாளர் கிகுனே இக்கேடா 1908இல் கடற்பாசியிலிருந்து இதைப் பிரித்தெடுத்து, அதன் தனிச்சுவைக்கு ‘உமாமி’ என்று பெயரிட்டார். 1913இல் ஷிந்தாரோ கொடாமா உலர்ந்த மீனில் இனோசினேட் என்ற மற்றொரு உமாமிப் பொருளைக் கண்டறிந்தார்; இரண்டும் சேரும்போது சுவை கூட்டல் கணக்கில் அல்லாமல் பல மடங்காகப் பெருகுகிறது என்பதைப் பின்னர் அகிரா குனினாகா காட்டினார். மாட்டிறைச்சியின் தசையில் இனோசினேட் உண்டு, மீன் சாஸில் குளுட்டமேட் நிறைந்துள்ளது. ஒருவருக்கு 100 கிராம் இறைச்சியே போதிய நிறைவைத் தருவதற்கு இந்தச் சேர்க்கை பெரிதும் துணைசெய்கிறது.

நால்வருக்கான தொடுசாற்றுக்கு 40 கிராம் சர்க்கரையை 200 மில்லிலிட்டர் வெந்நீரில் கரைத்து, ஆறிய பின் 40 மில்லிலிட்டர் மீன் சாஸும் அதே அளவு எலுமிச்சைச் சாறும் சேர்த்து, நசுக்கிய பூண்டும் நறுக்கிய மிளகாயும் இட வேண்டும். மீன் சாஸில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 25 கிராம் உப்பு உள்ளது என்று கொண்டால், இந்தக் கலவையில் 10 கிராமும், ஒருவர் பங்கில் 2.5 கிராமும் இருக்கும். நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு உண்ண வேண்டும் என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆகவே உயர் இரத்த அழுத்தம் உடையவர்கள் சாற்றைப் பாதியளவே ஊற்றிக்கொள்வதும், கிண்ணத்தின் அடியில் எஞ்சுவதைக் குடிக்காமல் விடுவதும் நல்லது.

நீர் தங்கும் இடம்: இலையும் காயும்

லெட்யூஸ் கீரையிலும் வெள்ளரியிலும் ஏறத்தாழ 95 விழுக்காடு நீர். அந்த நீர் உயிரணுச் சுவரை உள்ளிருந்து அழுத்தும் விசையே இலையின் மொறுமொறுப்பாகும். இந்த விசையை விறைப்பழுத்தம் என்பர். வாடிய இலையைக் குளிர்ந்த நீரில் 10 நிமிடம் இட்டால், சவ்வூடுபரவல் என்னும் விதிப்படி நீர் அடர்வு குறைந்த கரைசலிலிருந்து அடர்வு மிகுந்த உயிரணுவுக்குள் நுழைந்து இலையை நிமிர்த்துகிறது. உப்பும் சர்க்கரையும் கொண்ட தொடுசாறு இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்து, இலையிலிருந்து நீரை இழுத்துத் துவளச் செய்யும். கேரட்டையும் முள்ளங்கியையும் மெல்லிய குச்சிகளாக நறுக்கி, முதலில் உப்பிட்டுப் பிழிந்து, பின் வினிகரிலும் சர்க்கரையிலும் ஊறவைப்பதில் அந்த இழுவிசையே நன்மையாகிறது: வெளியேறிய நீரின் இடத்தைப் புளிப்பும் இனிப்பும் பிடித்துக்கொள்கின்றன.

கிண்ணத்தில் சேரும் பச்சைப்பயறு முளையில் மட்டும் தனிக் கவனம் வேண்டும். முளை வளரும் வெப்பமும் ஈரமும் நோய்க்கிருமிகள் பெருகுவதற்கும் ஏற்றவை. 2011இல் ஜெர்மனியில் பச்சை வெந்தய முளைகளின் வழியே பரவிய ஈ. கோலை பாக்டீரியாவால் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வியட்நாமில் முளையைப் பச்சையாகவும் உண்பர், கொதிநீரில் காட்டியும் உண்பர். வீட்டுச் சமையலில், குறிப்பாகக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் முதியவர்களும் உண்ணும்போது, நன்கு வேகவைத்துச் சேர்ப்பதே பாதுகாப்பானது. வெந்த அரிசி நூடுல்ஸையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கலாகாது, ஏனெனில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரையும் தாங்கிப் பிழைத்து, வெதுவெதுப்பில் முளைத்து, மீண்டும் சூடாக்கினாலும் அழியாத நஞ்சை உண்டாக்கக்கூடும்.

புதினா, துளசி இனங்கள், கொத்தமல்லி, வியட்நாமியர் ‘தியா தோ’ என்று அழைக்கும் ஊதா நிற இலை ஆகியவற்றின் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெய்களில் உள்ளது. கத்தியால் பொடியாக நறுக்கி வைத்தால் அந்த எண்ணெய் காற்றில் கலந்து வீணாகிறது. உண்பதற்குச் சற்று முன் கையால் கிள்ளி இட்டால் மெல்லும்போதுதான் உயிரணுக்கள் உடைந்து மணம் வாயிலிருந்து மூக்குக்கு ஏறும்.

உடல் அறியும் குளிர்ச்சி

1997இல் அறிவியலாளர் டேவிட் ஜூலியஸின் குழுவினர் மிளகாயின் உறைப்புப் பொருளான காப்சைசினை உணரும் நரம்பு ஏற்பியைக் கண்டறிந்தனர். சுடும் வெப்பத்தையும் அதே ஏற்பிதான் உணர்கிறது. 2002இல் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் தனித்தனியே, புதினா இனங்களில் காணப்படும் மெந்தாலையும் குளிரையும் உணரும் ஏற்பியைக் கண்டறிந்தனர். வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் ஏற்பிகள் பற்றிய ஆய்வுகளுக்காக இருவருக்கும் 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. மெந்தால் உடல் வெப்பத்தைக் குறைப்பதில்லை, குளிர்ந்தது போன்ற செய்தியை மட்டும் மூளைக்கு அனுப்புகிறது. மிளகாயோ சூட்டின் செய்தியை அனுப்பி, நெற்றியிலும் முகத்திலும் வியர்வையைத் தூண்டுகிறது. அந்த வியர்வை ஆவியாகும்போது கிராமுக்கு ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தைத் தோலிலிருந்து எடுத்துச் செல்கிறது. ஈர இறைச்சி வாணலியைக் குளிர்விப்பதும் வியர்வை மனிதனைக் குளிர்விப்பதும் நீரின் ஒரே இயல்பினால்தான். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை எளிதில் ஆவியாகாது. புழுக்கம் மிகுந்த நாளில் நெடுநேரம் கொதிக்கும் பானை வீட்டுக்குள் வெப்பத்தையும் ஈரத்தையும் ஒருங்கே கூட்டும் என்பதால், அடுப்பைச் சில நிமிடங்களில் அணைத்துவிடுவதே சமைப்பவருக்குக் கிடைக்கும் முதல் குளிர்ச்சி.

உணவைச் செரிக்கும்போதும் உடல் வெப்பத்தை வெளியிடுகிறது. புரதம் தரும் ஆற்றலில் 20 முதல் 30 விழுக்காடும், மாவுச்சத்து தரும் ஆற்றலில் 5 முதல் 10 விழுக்காடும் இவ்வாறு செலவாகின்றன. இறைச்சியை அளவாக வைத்து, நீர் நிறைந்த இலையும் காயும் கிண்ணத்தில் பாதியை நிரப்பும்படி அமைத்த வியட்நாமிய மரபு கோடைக்குப் பொருந்துவதாக இருப்பதை இந்தக் கணக்கும் காட்டுகிறது.

அடுக்கும் வரிசையும் இதே அறிவின் தொடர்ச்சியே. அடியில் இலைகள், அவற்றின் மேல் வடித்த நூடுல்ஸ், அதன் மேல் சூடான இறைச்சி என்று வைத்தால், இடையில் உள்ள நூடுல்ஸ் வெப்பத்தைத் தாங்கி இலை துவளாமல் காக்கும். ஊறிய காயும், பொன்னிறமாக வறுத்த சின்ன வெங்காயமும், உடைத்த வேர்க்கடலையும் மேலே அமையும். வறுத்தவை ஈரம் பட்டால் நமுத்துவிடும் என்பதால் அவை கடைசியில் இடப்பட வேண்டும். தொடுசாற்றைச் சமைப்பவர் முன்கூட்டியே ஊற்றிவிடாமல் தனிக் கிண்ணத்தில் பக்கத்தில் வைத்து, உண்பவர் அமர்ந்த பிறகு அவர் கையாலேயே ஊற்றிக் கலந்துகொள்ளும்படி விட வேண்டும். பத்து நிமிடம் முந்தினாலும் இலை நீர்விட்டு, கடலை நமுத்து, நூடுல்ஸ் ஊறிக் கனத்துவிடும்.